கண்ணாடி தேய்ப்பவர், பெண், வயது 31

மார்ச் 4

அக்கா,

இன்று மார்ச் நான்கு, செவ்வாய், காலை பத்து நாற்பது. ஏழு வரிகள். முதலில் இதை எழுதி வைத்துவிடுகிறேன். மற்றதை எப்படி எழுதினாலும் எண் மாறாது.

'நலமா, நலமறிய ஆவல்' எல்லாம் இந்தத் தடவை கிடையாது.

யார் கேட்டாலும் என் வேலையை "ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர்" என்றுதான் சொல்வாய். ஒரு தடவை ஒழுங்காகக் கேள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஐந்து கிளைகள். காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களின் பதிவுகள் ஐந்திலிருந்தும் தலைமை அலுவலகத்தில் என் மேசைக்கு வரும். மூன்று வருடப் பதிவை ஒரு விபத்து ஆய்வு மையம் கேட்டிருக்கிறது. பதினோராயிரத்துச் சொச்சம் வரிகள். இன்னார் என்று தெரியாதபடி மறைத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

பக்கத்து மேசைக்காரன் ஒரு யோசனை சொன்னான். "இலவசமா ஒரு தளம் இருக்குப்பா. ஏத்திவிட்டா பேரையெல்லாம் அதுவே எடுத்துடும்."

"பேரை மறைக்கறதுக்கு முதல்ல பேரை ஊருக்கே அனுப்பணுமா? உன் வீட்டுச் சாவியையும் சேர்த்து ஏத்து" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக வேலை நடந்தது.

வலை இணைப்பைப் பிடுங்கிவிட்டு, என் கணினியிலேயே செய்தேன். பெயர், முகவரி, தொலைபேசி எல்லாவற்றையும் அழித்தேன். ஆளுக்கு ஓர் எண் கொடுத்தேன். ஒருவரே திரும்பத் திரும்ப வந்தால் அதே எண். அப்போதுதான் எத்தனை பேர் மறுபடி காயம்பட்டார்கள் என்று மையம் கணக்கிட முடியும். வேலை என்ன என்ற பத்தியை அப்படியே விட்டேன். தொழிலால் வரும் காயங்களையும் ஆராய்கிறார்களாம், கட்டாயம் வேண்டும் என்றார்கள்.

அனுப்புவதற்கு முன் நான் ஒரு சோதனை செய்வேன். எனக்குத் தெரிந்த ஓர் ஆளைப் பட்டியலில் தேடுவேன். கண்டுபிடித்துவிட்டால் மறைத்த லட்சணம் சரியில்லை என்று அர்த்தம். இன்று உன்னைத் தேடினேன். விளையாட்டாகத்தான். இரண்டு வருடம் முன்பு பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு மாவுக்கட்டோடு வந்தாயே. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்டா" என்றாய். அந்தக் கட்டின்மேல் நான் பேனாவால் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்தேன். மூன்றாம் கிளை உன் கடைக்கு எதிரில்தான் இருக்கிறது. ஒரு வரி வரும் என்று நினைத்தேன்.

மூன்றாம் கிளை. பெண். வயது 31. வேலை: மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்ப்பவர். எண் 2207. அந்தக் கிளை முழுக்க அந்த வேலைக்கு ஒரே ஆள்.

ஏழு வரிகள். மணிக்கட்டு. விலா. இடது காது. மறுபடி விலா. மிச்சத்தை எழுத முடியவில்லை. காரணம் என்ற பத்தியில் முதல் ஐந்திலும் 'கீழே விழுந்தது'. ஆறாவதில் 'வீட்டில் உள்ளவர்'. ஏழாவதில் திரும்பவும் 'கீழே விழுந்தது'.

இரண்டு வருடமாகக் கடை முகவரிக்குக் காகிதத்தில்தான் எழுதச் சொல்கிறாய். போனைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்றாய். நாள் முழுக்க லென்ஸைப் பார்க்கிறவளுக்குப் போன் பார்த்தால் வலிக்குமா என்று நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. உன் போனை யார் பார்க்கிறார் என்பது இன்று பத்து நாற்பதுக்குப் புரிந்தது.

அது நீயா? ஆமா, இல்லை. இரண்டில் ஒன்றை எழுது.

தம்பி

❖

மார்ச் 7

டேய் அவசரக்குடுக்கை,

இல்லை. போதுமா?

உன் கடிதம் நேற்று வந்தது. எங்கள் முதலாளி கண்ணாடிக்காரம்மாதான் வாங்கி வைத்தார். செய்யக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கண்ணாடிகளைப் போட்டுவைக்க எங்கள் கடையில் ஓர் இழுப்பறை உண்டு. உன் கடிதங்களெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதை யாரும் திறப்பதில்லை. இதையும் அங்கேயே போட்டேன். போட்டுவிட்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். ஒரு பெரியவரின் லென்ஸை ஓரம் உடைத்துவிட்டேன். ஆறு வருடத்தில் நான் உடைத்தது அது மூன்றாவது.

ஒன்று கேட்கிறேன். உனக்குக் கொடுத்த வேலை மறைப்பது. தோண்டச் சொன்னது யார்? சோதனை என்கிறாய். பூட்டு பலமாக இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டுக்குள் போய், அங்கே கட்டிலில் யார் படுத்திருக்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டு வருவது சோதனையா? யாரோ ஒரு பெண் ஏதோ ஒரு நர்சிடம் சொன்னதை நீ படித்திருக்கிறாய். எத்தனை தரம் படித்தாய்?

இந்த ஊரில் கண்ணாடி தேய்க்கிற பெண் நான் ஒருத்திதானா? ஒருத்திதான். இருந்தாலும் பக்கத்து ஊரிலிருந்து யாராவது வந்திருக்கலாம். பதிந்தவர் தப்பாகப் பதிந்திருக்கலாம். உனக்குக் கணக்கு தெரியும், மனிதர்களைத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கல்யாணத்தில் நீ வரைந்த கண்ணாடியில் ஒரு பக்கம் பெரிதாக இருந்தது. கட்டைப் பிரிக்கிற வரைக்கும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது நிஜம்.

அக்கா

பி.கு. அந்தப் பட்டியல் எந்த மையத்துக்குப் போகிறது? சும்மா கேட்கிறேன்.

❖

மார்ச் 10

அக்கா,

மூன்று தரம் படித்தேன். கேட்டாய், சொல்லிவிட்டேன்.

நீ சொன்ன 'இல்லை'யை நான் நம்பவில்லை. 'ஒருத்திதான்' என்று நீயே எழுதியிருக்கிறாய், அழிக்கக்கூட இல்லை. சும்மா கேட்கிறவள் பின்குறிப்பில் கேட்கமாட்டாள்.

மையம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. பாலத்துக்குப் பக்கத்தில், பச்சை நிறக் கட்டடம். முழுப் பட்டியல் இன்னும் போகவில்லை. செவ்வாய்க்கிழமையே நிறுத்திவிட்டேன். ஏன் என்று மேலே கேட்டதற்கு, கோப்பில் கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஒரு மாதிரி போயிருக்கிறது. ஐந்நூறு வரிகள். எப்படி இருக்கும் என்று பார்க்கக் கேட்டார்கள், மையத்துக்குப் பக்கத்துக் கிளையாக இருக்கட்டும் என்று மூன்றாம் கிளையிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு என் சோதனையைச் செய்யவில்லை. மாதிரிதானே, ஐந்நூறுதானே, சாப்பிடப் போக வேண்டும் என்று அனுப்பிவிட்டேன். இன்று திறந்து பார்த்தேன். 2207 அதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும்.

ஆறாவதில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

நான் சனிக்கிழமை வருகிறேன். மச்சானை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்காமல் திரும்பமாட்டேன். இரண்டு வருடமாக அவரும் நானும் பேசிக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று, மரியாதை பார்க்க வேண்டியதில்லை. பெட்டியைக் கட்டி வை.

தம்பி

❖

மார்ச் 13

தம்பி,

வராதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. வழக்கம்போல மேலோட்டமாக ஓட்டிவிட்டு எழுந்துவிடாதே.

உன் மச்சான் போன வருடம் வேலை மாறினார். நான் சொல்லவில்லை, நீ கேட்கவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில், பச்சைக் கட்டடத்தில்தான் இப்போது வேலை. வெளியிலிருந்து வருகிற பட்டியல்களில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று சரிபார்க்கிற மேசை.

போன மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. திடீரென்று கேட்டார்.

"நம்ம ஊர்ல கண்ணாடி தேய்க்கிற பொம்பளைங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"தெரியலையே. ஏங்க?"

"எனக்குத் தெரியும்" என்றார். சிரித்தார். என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டார். "நல்லா சாப்பிடு. உடம்பைப் பாத்துக்க. அடிக்கடி விழற உடம்பு."

அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ரெண்டாயிரத்து இருநூத்தி ஏழு, துண்டு எங்க?" "ரெண்டாயிரத்து இருநூத்தி ஏழு, கதவைச் சாத்து." ஏதோ எண், ஏதோ அலுவலகக் கேலி என்று நினைத்தேன். என்ன எண் என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. பத்து நாள் அந்த எண்ணுக்கு "என்னங்க" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

உன் முதல் கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். எனக்குத்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா. அதற்குப் பிறகு உட்கார்ந்து உனக்கு 'இல்லை' என்று எழுதினேன். பழக்கம். விழுந்துவிட்டேன், வழுக்கிவிட்டது, இல்லை. வாயில் முதலில் வருவது இவைதான்.

வேலையை ஒவ்வொரு தரமும் கேட்பார்கள். காலியாக விடலாம், யாரும் திட்டமாட்டார்கள். வீட்டு வேலை என்று சொல்லியிருக்கலாம். லென்ஸ் தேய்க்கிறேன் என்று ஏழு தரமும் சொன்னேன். காதில் ரத்தம் வந்த அன்றைக்கும் சொன்னேன். அந்த ஒன்றுதான் என்னுடையது என்று இருந்தது. நர்ஸ் "எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ பேரை எடுத்துவிட்டாய். மிச்சம் விட்டுவைத்ததெல்லாம் நான்தான்.

ஊரில் யார் படித்தாலும் அந்த இரண்டு வரிகள் யாரோ ஒருத்தி. படிக்கவே கூடாத ஒருவருக்கு மட்டும் அது யாரென்று தெரியும். அவர் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆறாவது தரம் நான் உள்ளே என்ன சொன்னேன் என்று, வெளியே உட்கார்ந்திருந்தவருக்கு நீ எழுதி அனுப்பியிருக்கிறாய்.

சனிக்கிழமை நீ வந்து வாசலில் நின்றால், அவர் இனிமேல் எதற்கும் காத்திருக்கமாட்டார். எப்போது, எப்படி என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணாடிக்காரம்மாவோடு பேசியாயிற்று. நீ உன் வீட்டைச் சுத்தம் செய்.

அக்கா

❖

மார்ச் 15

அக்கா,

சனிக்கிழமை. வரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நேற்றுக் காலையில் வாசல் காவலரிடமிருந்து வாங்கினேன். படிக்கட்டிலேயே படித்தேன். லிஃப்ட் மூன்று தரம் வந்து போயிற்று. எனக்கு எழுத வரவில்லை. அதனால் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

பதிவேட்டுப் பிரிவுத் தலைவியிடம் போனேன். கோளாறு கோப்பில் இல்லை, என்னில்தான் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை, எண்ணையும் சொல்லவில்லை. மாதிரியில் இருக்கும் ஒருவரை அவர் வீட்டு ஆளே அடையாளம் கண்டுவிட்டார், அந்த ஆள் மையத்திலேயே வேலை பார்க்கிறார் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பூட்டைத் துடைச்சு மினுக்கி வச்சிட்டு, கதவைக் கழட்டிக் குடுத்திருக்கீங்க, தம்பி."

மையத்தின் தொலைபேசி எண்ணை எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

வெளியாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. வலையைப் பிடுங்கியது வெளியாளுக்காக. பக்கத்து மேசைக்காரனைத் திட்டியது வெளியாளுக்காக. வெளியாளுக்குப் பெயர் வேண்டும். கூடவே இருக்கிறவருக்குப் பெயர் எதற்கு? வயதும் வேலையும் போதும், என்றைக்கு எங்கே அடித்தோம் என்பது அவருக்கே தெரியும். இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் செய்த சோதனையே அதுதான். 'எனக்குத் தெரிந்த ஆளைத் தேடுவேன்' என்று பெருமையாக எழுதினேனே. என்னைப்போலவே இன்னொருவரும் தேடுவார் என்று நினைக்கவில்லை.

நேற்று மதியமே தலைவி மையத்தின் இயக்குநரோடு பேசினார். மாதிரியை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறார்கள். யார் யார் திறந்தார்கள் என்று விசாரிக்கிறார்களாம். ஆனால் பார்த்த கண்ணிலிருந்து எதையும் அழிக்க முடியாது. தெரியும்.

இரவெல்லாம் தோன்றியதை இன்று காலை எண்ணிப் பார்த்தேன். அந்த ஐந்நூறு வரிகளில் உன்னைப்போல வேலையையும் வயதையும் வைத்தே பிடித்துவிடக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று. அறுபத்தொன்று. குதிரைக்கு லாடம் அடிக்கிற ஒருவர் இருக்கிறார், மூன்று தரம் வந்திருக்கிறார், மூன்று தரமும் குடித்துவிட்டு விழுந்ததாகப் பதிவு. அறுபத்தொரு வீட்டில் என்னென்ன நடந்துகொண்டிருக்கிறதோ.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

தம்பி

❖

மார்ச் 18

தம்பி,

முதலில் திட்டு. லாடக்காரரைப் பற்றி எனக்கு ஏன் எழுதினாய்? இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அவர் மனைவி எங்கள் கடையில்தான் கண்ணாடி செய்கிறார். நேற்று வந்து, "அவருக்குக் கால்ல குதிரை மிதிச்சிடுச்சும்மா, பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எங்கே பார்ப்பது? மூக்குத்தண்டின் அளவை இரண்டு தரம் தப்பாக எடுத்தேன். அக்காவுக்குத்தானே எழுதுகிறோம் என்று நினைத்திருப்பாய். நீ யாருக்குச் சொன்னாலும் அது சொன்னதுதான். செய்த தப்பை ஒப்புக்கொள்கிற கடிதத்திலேயே அதே தப்பைச் செய்ய உன்னால்தான் முடியும்.

திட்டு முடிந்தது.

திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும் வீட்டை விட்டு வந்துவிட்டேன். விசாரணை என்று அவரைச் சீக்கிரமாக வரச் சொல்லியிருந்தார்கள். உன் தலைவி பேசியதன் புண்ணியம். ஒரு பெட்டி, என் அடையாள அட்டை, என் லென்ஸ் அளவுகோல். கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே உங்கள் மூன்றாம் கிளை. நேற்று மாலை அவர் கடை வாசலுக்கு வந்தார். கண்ணாடிக்காரம்மா எழுந்திருக்கவே இல்லை.

"கண் பரிசோதனைக்கு வந்தீங்களா? இல்லன்னா வழியை மறைக்காதீங்க."

பக்கத்துக் கடைக்காரர்கள் மூன்று பேர் வந்து, சும்மா, வாசலில் நின்றார்கள். அவர் போய்விட்டார். போகும்போது மேலே பார்த்து அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை. பத்து நாள் சொன்ன பதிலுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லவில்லை.

இன்று காலையில் மகளிர் உதவி அலுவலகத்துக்குப் போனோம். அவர் என்னிடம் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம் என்கிறார்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்களா, ஒரு தரமாவது?" என்று அந்த அதிகாரி கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், பயந்துவிட்டார்.

அந்த ஏழு வரிகள் எனக்கு வேண்டும். எண் வேண்டாம், என் பேரோடு வேண்டும். தேதி, காயம், யார் செய்தது, எல்லாம். என் வேலையையும் முழுசாக, நான் எழுத்துக்கூட்டிச் சொன்னபடி. எடுத்து அனுப்பு.

அக்கா

❖

மார்ச் 20

அக்கா,

எடுத்து அனுப்பமாட்டேன்.

கடிதத்தைக் கசக்குவதற்கு முன் அடுத்த வரியைப் படி. என்னிடம் அந்த வரிகள் இருப்பது என் வேலையால். உன் தம்பி என்பதால் அதில் கைவைத்தால், மச்சான் செய்ததற்கும் நான் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு, தம்பி எடுத்துக் கொடுத்த காகிதம் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார். அது உன் பதிவு. ஜன்னலுக்கு எதிரே இருக்கிற கட்டடத்தில், தரைத்தளத்தில், பதிவேட்டுக் கவுன்டர் இருக்கிறது. நீயே போய்க் கேட்டால் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தே ஆக வேண்டும். படிவத்தில் 'நோயாளியின் உறவு' என்ற கட்டத்தில் 'நானே' என்று எழுது.

லாடக்காரர் விஷயத்தில் நீ திட்டியது சரி. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு.

இனி நான் செய்யப்போவது:

1. வேலை என்ற பத்தியைப் பத்துப் பெரிய பிரிவுகளாக்குவேன். லாடம் அடிப்பவர், லென்ஸ் தேய்ப்பவர் எல்லாரும் அதில் 'கைத்தொழில்'. உன் சொல்லை அங்கிருந்து எடுக்கிறேன், மன்னித்துக்கொள். உன் பிரதியில் அது முழுசாக இருக்கும்.

2. வயதுக்குப் பதில் பத்து வருட இடைவெளி. தேதிக்குப் பதில் வருடம் மட்டும். கிளையின் பெயர் போகாது.

3. எப்படிச் சலித்தாலும் ஒரே மாதிரியாகப் பத்துப் பேராவது தேறாத எந்த வரியும் என் மேசையைத் தாண்டாது. மையம் கோபித்துக்கொள்ளட்டும்.

4. 'வீட்டில் உள்ளவர்' என்று பதிவான யாருடைய வரியும் ஆள்வாரியாகப் போகாது. மொத்தம் எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும் போகும். அந்த எண்ணிக்கையை நேற்றுப் பார்த்தேன். உனக்கு எழுதமாட்டேன்.

5. மாதிரி என்றாலும் சோதனை உண்டு, ஐந்து வரி என்றாலும் உண்டு. சோதனையை நான் செய்யமாட்டேன். ஆட்களை நன்றாகத் தெரிந்தவரைச் செய்யச் சொல்வேன். மூன்றாம் கிளைக்கு, உன் வேலையை எழுதிக்கொண்ட அந்த நர்சைக் கேட்டிருக்கிறேன், யாருக்காக என்று சொல்லாமல்.

6. மீதி அறுபது பேருக்கும் ஆஸ்பத்திரியே தகவல் சொல்ல வேண்டும், வீட்டு முகவரிக்குக் கடிதம் போடாமல், அவர்களிடம் மட்டும். எப்படி என்று திங்கட்கிழமை தலைவியோடு உட்காருகிறேன். என் பெயரோடுதான் சொல்லப்போகிறார்கள். சொல்லட்டும்.

7. நீ கவுன்டருக்குப் போகிற நாளைச் சொல்லி எழுது. வா என்றால் வருவேன், சாலைக்கு இந்தப் பக்கம் நிற்பேன், வாயைத் திறக்கமாட்டேன். வராதே என்றால் வரமாட்டேன்.

8. அந்த ஏழு வரிகளை நான்காம் தரம் திறக்கமாட்டேன். நீயாகச் சொல்கிற நாளில் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை உன்னிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது, முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டியது. நலமா, அக்கா?

தம்பி